ஐப்பசி அடைமழையும் காய்ச்சல் வார்டும்: கட்டில் போதாமல் போவது எங்கே தொடங்குகிறது?

வார்டு_அக்கா · ஞாயிறு, இரவு 11.10

தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 19 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2012லும் 2017லும் டெங்கு பரவியபோது காய்ச்சல் வார்டில்தான் இருந்தேன். இந்த ஐப்பசியிலும் அதே வார்டு. டியூட்டி முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மழை பிடித்த அன்றைக்கே கூட்டம் வராது. முட்டை பொரிந்து கொசுவாக ஏழெட்டு நாள், கொசுவின் உடம்பில் கிருமி பெருக எட்டுப் பத்து நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர நாலைந்து நாள். முதல் பெருமழைக்கு மூன்று நாலு வாரம் கழித்து ஓ.பி. வரிசை கேட்டைத் தாண்டும். இது வருஷா வருஷம் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் திணறுகிறோம்.

எங்கள் வார்டில் 40 கட்டில். இன்று காலை எண்ணியபோது 71 பேர். கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் தலைமாட்டில், ஒருவர் கால்மாட்டில். கட்டிலுக்கு அடியில் பாய். ஸ்டாண்டு போதாமல் ட்ரிப்ஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது எண்ணிக்கையைப் பற்றி இல்லை. அந்த 71 பேரில் பாதிக்கு மேல் நடந்து போய் டீ வாங்கிக் குடித்துவிட்டு வருகிறவர்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 90,000, 80,000 என்று தாளைக் காட்டி அட்மிஷன் கேட்டு வந்தவர்கள். அதே இரவு ஒன்றரை மணிக்கு, கை கால் சில்லிட்டு நாடி பிடிபடாமல் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் கட்டில் இருக்காது. வரவேண்டியவர் தாமதமாக வருகிறார், வரவேண்டாதவர் முன்னாலேயே வந்து படுத்திருக்கிறார். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைத்தான் நாம் “படுக்கைப் பற்றாக்குறை” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது? வீட்டில் காய்ச்சல் பார்த்தவர்கள், ஆம்புலன்ஸில் இருப்பவர்கள், லேபில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

கரிசல்காடு · ஞாயிறு, இரவு 11.52

அக்கா, அந்த ஒன்றரை மணிக்கு வந்த பிள்ளை என் பிள்ளையாகவே இருக்கலாம். ஊர் வேறு, ஆனால் கதை அதேதான்.

எட்டு வயசு. நாலு நாள் காய்ச்சல். முதல் நாளே தெருமுனை கிளினிக்கில் காட்டினோம், ஊசி போட்டார்கள், மறுநாளும் ஊசி. அஞ்சாம் நாள் காலையில் காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் அம்மா தலைக்கு ஊத்தலாமான்னு கேட்டாங்க. பிள்ளை மட்டும் எழுந்திருக்கவே இல்லை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தே கிடந்தா, குடிச்ச கஞ்சியை நாலு தரம் வாந்தி எடுத்தா. “நாலு நாள் காய்ச்சல், அசதி இருக்கத்தான் செய்யும்”னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம். சாயங்காலம் ஒண்ணுக்குப் போகலைங்கிறதைக் கூட யாரும் கவனிக்கலை. ராத்திரி பத்து மணிக்குக் கால் ஐஸ் மாதிரி. அப்புறம்தான் 108.

பிள்ளை பிழைச்சுட்டா. ஆறு நாள் ஐ.சி.யு. இப்போ நாலாங்கிளாஸ் படிக்கிறா. ஆனா காய்ச்சல் விட்டதும் சந்தோஷப்பட்ட அந்தக் காலையை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்குது. காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்துன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலை. சொல்லியிருந்தா காலையிலேயே வந்திருப்போம், ராத்திரியில் உங்களைப் போல ஒருத்தரை ஓட விட்டிருக்க மாட்டோம்.

வார்டு_அக்கா · திங்கள், காலை 6.20

அண்ணே, பாப்பா நல்லா இருக்கிறாள் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. காய்ச்சல் என்றால் சூடு, சூடு போனால் குணம் என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்குகிற நோய் டெங்கு.

இரவுப்பணி_டாக்டர் · திங்கள், காலை 7.45

மெடிசின் பிஜி படிக்கிறேன். கரிசல்காடு அண்ணன் சொன்னதை நோய் பக்கத்திலிருந்து கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இந்த இழையின் மையமே அதுதான்.

டெங்குவில் சூடு இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தம் வெளியே வராது, ரத்தத்தில் உள்ள நீர் மட்டும் வயிற்றிலும் நெஞ்சிலும் கசியும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுவது பி.சி.வி. என்கிற எண், அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது. முதல் நாள் 36 இருந்த பிள்ளைக்கு 44 என்று வந்தால் அது பெரிய மணி அடிப்பது போல. பி.பி. மேலே 100, கீழே 80 என்று இரண்டும் நெருங்கி வந்தால் இன்னும் பெரிய மணி. பிள்ளை அப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கும். பிளேட்லெட் 60,000 இருக்கும்போதே ரத்த ஓட்டம் குலைந்து ஷாக்கில் போன பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், 15,000க்கு இறங்கியும் ஒரு சொட்டு ரத்தம் வராமல் வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உறவினர் யாரும் என்னிடம் பி.சி.வி. எத்தனை என்று கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது “டாக்டர், பிளேட்லெட் எவ்ளோ?”

வயிறு விடாமல் வலிப்பது, வாந்தி நிற்காதது, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, அல்லது காரணமில்லாமல் எரிச்சல்படுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கை கால் சில்லிடுவது. இதில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காமல் வாருங்கள். நள்ளிரவானாலும் வாருங்கள். இவை ஒன்றும் இல்லாமல், குடிக்கிறார், சிறுநீர் போகிறது, எழுந்து நடக்கிறார் என்றால் 80,000 பிளேட்லெட்டுக்குக் கட்டில் தேவையில்லை. அதிலும் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை அல்லது கிட்னி நோய் உள்ளவர் என்றால் கணக்கு வேறு, அவர்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உதிரம் · திங்கள், காலை 9.30

ரத்த வங்கியில் டெக்னீஷியன். டாக்டர் சொன்ன “பிளேட்லெட் எவ்ளோ” எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்று சொல்கிறேன்.

அக்டோபர், நவம்பரில் என் போன் நிற்காது. “அவசரம், பிளேட்லெட் வேண்டும், ஓ பாசிட்டிவ்” என்று ஒரே செய்தி பத்து வாட்ஸாப் குழுவில் சுற்றி, மூன்று நாள் பழசாகி என்னிடமே திரும்பி வரும். விசாரித்தால் நோயாளிக்கு 40,000 இருக்கும், எங்கும் ரத்தக் கசிவு இருக்காது. பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்கிற பெட்டியில் வைக்க வேண்டும், ஐந்து நாள்தான் தாங்கும். இன்று பயத்துக்காக ஏற்றியதை நாளை புற்றுநோய்ப் பிள்ளைக்கும் பிரசவத்தில் ரத்தம் போகிற தாய்க்கும் கொடுக்க முடியாது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெங்கு நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017ல் வந்தது. 20,000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, ரத்தக் கசிவு இல்லாதபோது முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியும் அதனால் ரத்தக் கசிவு குறையவில்லை. ஏற்றியவர்களுக்குப் பக்கவிளைவுதான் கூடுதல். நம் நாட்டு வழிகாட்டுதலும் ரத்தக் கசிவு இல்லாவிட்டால் 10,000க்குக் கீழே போனால்தான் யோசிக்கச் சொல்கிறது. இதைக் கவுன்ட்டரில் நின்று அழுகிற ஒரு தகப்பனிடம் சொல்ல முடியவில்லை. அவர் பார்வையில் நான் கல்நெஞ்சன். அந்தப் பேச்சு மூன்றாம் நாளே, அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்திருக்க வேண்டும்.

கேள்விக்குறி · திங்கள், மதியம் 12.15

எல்லாம் சரி. ஆனால் பேச்சு மெல்ல மெல்ல நோயாளிகள் பக்கம் தவறு என்று போகிறது, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 40 கட்டிலுக்கு 71 பேர் என்றால் 80 கட்டில் போடுங்கள், நாலு நர்ஸ் போடுங்கள். வருஷா வருஷம் வருவது தெரியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். தெரிந்த வெள்ளத்துக்கு அணை கட்டாதது யார் குற்றம்?

இன்னொன்று. அரசுக் கணக்கில் 2012ல் தமிழ்நாட்டில் சுமார் 12,800 பேருக்கு டெங்கு, 66 பேர் சாவு. 2017ல் 23,000க்கு மேல், 65 பேர் சாவு. இந்த எண்ணை யார் நம்புவார்கள்? 2017ல் எங்கள் தாலுகாவிலேயே காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேர். எல்லாம் “மர்மக் காய்ச்சல்” என்று எழுதப்பட்டது. எண்ணிக்கை சரியாக இருந்தால்தானே கட்டில் கேட்க முடியும்?

வார்டு_அக்கா · திங்கள், இரவு 8.40

தம்பி, கோபம் நியாயமானது. ஆள் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இரவில் இரண்டு நர்ஸ் 71 பேருக்கு மணிக்கொரு தரம் நாடியும் பி.பி.யும் பார்க்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன், கடைசிக் கட்டிலுக்குப் போவதற்குள் முதல் கட்டிலுக்கு அடுத்த மணி வந்துவிடும்.

ஆனால் 2017ல் எங்களுக்குக் கூடுதல் வார்டு திறந்தார்கள். இரண்டே நாளில் அதுவும் நிரம்பியது. எப்படி என்றால், கட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் 1,00,000க்குக் கீழே என்றாலே ரெஃபர் எழுதின. கட்டில் கூடியது, பார்க்கிற கண் கூடவில்லை. நிஜமாகவே கண் வைக்க வேண்டிய பத்துப் பேர் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்து போனார்கள். எனக்கு அதுதான் பயம். கட்டிலுக்கு முன்னால் அந்தப் பத்துப் பேரைப் பிரித்துக் காட்டும் ஏற்பாடு வேண்டும்.

கணக்கு விஷயத்தில் ஒன்று. அரசுக் கணக்கில் ஏறுவது எலைசா என்கிற லேப் பரிசோதனை முறையில் உறுதியானது மட்டும். தனியாரில் செய்யும் அட்டை டெஸ்டில் என்.எஸ்.1 (டெங்கு கிருமியின் புரதம்) பாசிட்டிவ் என்று வந்தால் அது கணக்கில் வராது. அதனால் உங்கள் ஊரில் நீங்கள் பார்த்ததற்கும் கணக்குக்கும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை வெளிப்படையாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும், அதில் நான் உங்கள் பக்கம்தான்.

108_பைலட் · திங்கள், இரவு 11.30

வண்டி ஓட்டுறேன். எங்க பக்கம் எழுதுறதுக்கு ஆள் இல்லைன்னு நானே வந்துட்டேன்.

இந்தக் காலத்துல எங்க வேலையில பெரும்பாதி வீட்டுலேர்ந்து ஆள் ஏத்துறது இல்ல. ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்துறதுதான். சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா தாலுகா ஜி.எச்.லேர்ந்து ரெஃபர் வர ஆரம்பிக்கும். ராத்திரி லேப் ஆள் இல்ல, குழந்தை டாக்டர் இல்ல, நாளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா யார் பதில் சொல்றது, அதனால அனுப்பிடுவாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியல. ஒரு டாக்டர் தனியா உக்காந்திருக்காரு, வாசல்ல அம்பது பேர் நிக்குறாங்க.

பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேந்தா, அங்க ஸ்ட்ரெச்சர் இருக்காது. எங்க வண்டி ஸ்ட்ரெச்சர்லயே ஆளை வச்சுக்கிட்டு வராந்தாவுல நிப்போம். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். அந்த நேரத்துல எங்க வண்டி ஊருக்கு இல்லாத வண்டிதான். போன வருஷம் அப்படி நிக்கும்போது இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பைக் விபத்துக்குக் கால் வந்துச்சு, வேற ஊர் வண்டி போக வேண்டியதாச்சு. காய்ச்சல் கூட்டம் காய்ச்சக்காரங்களை மட்டும் பாதிக்கல. பாம்பு கடிச்சவன், நெஞ்சு வலிக்காரன், பிரசவ வலி எடுத்த பொண்ணு எல்லாருக்கும் அந்த வராந்தாவுல பங்கு இருக்கு.

ஊர்ப்புற_மருத்துவர் · செவ்வாய், காலை 6.55

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். பைலட் தம்பி சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

ஊர் மக்களுக்கு எல்லாம் ஒரே “கவர்மெண்ட் ஆஸ்பத்திரி”. ஆனால் உள்ளே மூன்று வீடு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். நான் ஒரு காய்ச்சல்காரரை மேலே அனுப்பினால் அவர் மூன்றாம் நாள் என்ன ஆனார் என்பது எனக்குத் திரும்பி வராது. அவர் வீட்டுக்கு வந்த பின் கிராம சுகாதார செவிலியர் சொல்லித்தான் தெரியும். நான் செய்தது சரியா, அவசரப்பட்டேனா, தாமதித்தேனா என்று எனக்குத் தெரிய வழியில்லாதபோது, பயந்தால் அனுப்பு என்பதே பழக்கமாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம், இந்த இழையில் யாரும் தொடாதது. மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் டெங்கு இல்லை. உண்ணிக் காய்ச்சல் இதே மாதங்களில், இன்னும் கொஞ்சம் நீண்டு தை வரை வரும். வயலுக்கும் புதருக்கும் போனவர் உடம்பில், அக்குளிலோ தொடை இடுக்கிலோ, சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் புண் இருக்கும். வலிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. துணியை விலக்கிப் பார்க்காமல் விட்டால் தவறிப்போகும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். கொடுக்காவிட்டால் பத்தாம் நாள் மூச்சுத்திணறலோடு வென்டிலேட்டர். சில ரூபாய் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியவர் ஒரு ஐ.சி.யு. கட்டிலை இரண்டு வாரம் பிடித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 200 பேர் நிற்கிற ஓ.பி.யில் ஒவ்வொருவர் அக்குளையும் பார்க்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் நாம் முதலில் காப்பாற்ற வேண்டும்.

வீட்டுக்காரி · செவ்வாய், காலை 10.05

டாக்டருங்க இருக்கிறதால ஒரு கேள்வி. நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு இதெல்லாம் கொடுக்கலாமா? எங்க வீட்ல காய்ச்சல்னா ரெண்டும் உண்டு.

இரவுப்பணி_டாக்டர் · செவ்வாய், மதியம் 2.20

அக்கா, நிலவேம்புக் குடிநீரை அரசே கொடுக்கிறது, வேண்டாம் என்று சண்டை போட நான் வரவில்லை. என் கவலை ஒன்றுதான். அது கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகக் கூடாது. பப்பாளி இலைச் சாறு சிலருக்கு வாந்தியைக் கூட்டும், வாந்தி கூடினால் உள்ளே போகிற தண்ணீர் குறையும், வாந்தி நோயாலா சாறாலா என்று எங்களுக்கும் குழப்பம். அதைவிட ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி, மோர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். வலி ஊசி, டைக்லோஃபினாக், இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். கரிசல்காடு அண்ணன் சொன்ன அந்த இரண்டு ஊசி என்ன ஊசியோ என்று படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பா இருக்கும்” என்று கேட்பதையும் விட்டுவிட வேண்டும். கசிந்த நீர் குணமாகும்போது திரும்பக் குழாய்க்குள் வரும். அந்த நேரத்தில் மேலும் மேலும் ட்ரிப்ஸ் ஓடினால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும். தண்ணீர் எப்போது தேவையோ அப்போது உயிர், தேவை முடிந்தபின் அதே தண்ணீர் ஆபத்து.

வடமராட்சி · செவ்வாய், இரவு 9.15

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். எங்களுக்கும் இதே மாரி மழைதான், ஒரே கடல், ஒரே வாடைக் காத்து. கொழும்புப் பக்கம் ஆனி, ஆடியிலயும் ஒருக்கா டெங்கு ஏறும், எங்களுக்குக் கார்த்திகையில தொடங்கித் தை வரைக்கும்தான். தைப்பொங்கலுக்கு கொழும்பிலயிருந்து சனம் வந்து போறதும் சேர்ந்து எங்கட பெரியாஸ்பத்திரி நிரம்பும்.

2009ல இலங்கை முழுக்க சுமார் 35,000 பேருக்கு டெங்கு, 346 பேர் செத்தவை. 2017ல 1,86,000 பேர், செத்தவை 440 பேர் அளவில. அந்த வருசம் ஆஸ்பத்திரியளுக்கு இடம் காணாமல் தற்காலிக வார்டுகள் போட்டவை. நோய் அஞ்சு மடங்குக்கு மேல கூடியும் சாவு அந்த மடங்குக்குக் கூடேல்லை. நூறு பேருக்கு ஒராள் எண்ட நிலை, நானூறு பேருக்கு ஒராள் எண்ட அளவுக்கு வந்தது.

என்ன மாறினது எண்டு கேட்டால், நான் பார்த்த அளவில மூண்டு விசயம். காய்ச்சல் மூண்டாம் நாள் எண்டால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒருத்தரும் விடமாட்டினம், அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும். ரெண்டாவது, கசிவு தொடங்கின ஆளைப் பொது வார்டில வைக்காமல் ஒரு சின்ன அறைக்கு மாத்தி, தனி அட்டை போட்டு, மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாடி, பிரஷர், குடிச்சது, போன சலம் எல்லாம் எழுதுவினம். உள்ள போற தண்ணிக்கு உடம்பு நிறையை வைச்சு ஒரு அளவு, அதுக்கு மேல போக விடமாட்டினம். தாய்லாந்தில பயிற்சி எடுத்து வந்த டொக்டர்மார் சொல்லிக் குடுத்த முறை இது. மூண்டாவது, எந்த ஆஸ்பத்திரியில கேட்டாலும் முதல் கேள்வி ஒண்டுதான், “இண்டைக்குக் காய்ச்சல் எத்தினையாம் நாள்?”

அக்கா சொன்ன அந்தப் பத்துப் பேருக்கு எங்களிட்ட ஒரு அறை இருக்கு. மிச்சப் பேர் வெளி வார்டில. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு இல்லை எண்டு ஊர்ப்புற மருத்துவர் ஐயா சொன்னதும் உண்மை. 2024 மார்கழியில, பெருவெள்ளம் வத்தின கையோட இஞ்ச ஆக்கள் காய்ச்சலில செத்தவை. முதல்ல என்ன காய்ச்சல் எண்டே விளங்கேல்லை, பிறகுதான் எலிக்காய்ச்சல் எண்டு தெரிஞ்சது. வயலுக்கை இறங்கின சனம்.

கேள்விக்குறி · செவ்வாய், இரவு 9.50

வடமராட்சி அண்ணை, நன்றி. நேற்று நான் கேட்டது எண்பது கட்டில். நீங்கள் சொல்வது பத்துக் கட்டிலும் அந்தப் பத்துக்கென்று தனியாக ஆளும். இதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் அந்த அறைக்கு மணிக்கொரு தரம் எழுத ஒரு நர்ஸ் தனியாக வேண்டும், அது கூடுதல் பணியிடம்தான். அந்தக் கோரிக்கையை விட மாட்டேன்.

வார்டு_அக்கா · செவ்வாய், இரவு 10.10

விடாதே தம்பி.

டிபிசி_மேஸ்திரி · புதன், காலை 5.40

வேலைக்குக் கிளம்புற நேரம், சுருக்கமா எழுதுறேன். பேரூராட்சியில கொசுப்புழு ஒழிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி. நாங்க எல்லாம் தினக்கூலி ஆளுங்க. மழை ஓய்ஞ்சா எங்க ஆள் எண்ணிக்கையும் குறையும்.

எல்லாரும் மழை மழைன்னு சொல்றீங்க. 2016ல வடகிழக்குப் பருவமழையே பொய்ச்சுப் போச்சு. 2017ல குழாயில தண்ணி வாரத்துக்கு ஒரு நாள், பத்து நாளுக்கு ஒரு நாள். வீட்டுக்கு வீடு டிரம், குடம், சிமெண்டுத் தொட்டி, அண்டா எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வச்சாங்க. மூடி வைக்கலை. மழைக்கு முன்னாடியே புழு நெளிஞ்சுது. அதுக்கு மேல ஐப்பசி மழையும் வந்துச்சு. அந்த வருஷக் கூட்டத்துக்குப் பாதிக் காரணம் குழாயில தண்ணி வராததுதான்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன். பூட்டின வீடு, மொட்டைமாடி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, பழைய ஆட்டுக்கல், பஞ்சர் கடை டயர், இங்கதான் இருக்கும். சாக்கடையில இந்தக் கொசு வளராது. ஆனா சனங்க சாக்கடைக்குப் புகை அடிக்கலைன்னுதான் எங்களைத் திட்டுவாங்க. நல்ல தண்ணித் தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னா கதவைச் சாத்துவாங்க.

ஈரம் காய்ஞ்சாலும் முட்டை சாகாது. மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்து அடுத்த தண்ணி பட்டதும் பொரியும். தொட்டியைக் காலி பண்ணா மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். வாரத்துக்கு ஒரு நாள் தேய்ச்சா போதும்.

இரவுப்பணி_டாக்டர் · புதன், மதியம் 3.00

மேஸ்திரி அம்மா எழுதியதற்குப் பிறகு நான் எழுதவே தயங்குகிறேன். எங்கள் காஷுவாலிட்டியின் நெரிசல் ஒரு குழாயில் தண்ணீர் வராத தெருவில் தொடங்குகிறது.

அவசரப் பிரிவைப் பற்றி ஒன்று மட்டும். விபத்து, அவசர சிகிச்சைக்கென்று டி.ஏ.இ.ஐ. திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. வெட்டுக்காயம், எலும்பு முறிவு வந்தால் அது நன்றாக வேலை செய்கிறது, கண்ணால் பார்த்தே தெரியும். அஞ்சாம் நாள் டெங்கு பிள்ளை நடந்தே உள்ளே வரும், தெளிவாகப் பேசும், பி.பி.யும் எண்ணாகப் பார்த்தால் இருக்கும். வேகமாகப் பார்க்கிறவர் பச்சையில் உட்கார வைத்துவிடுவார். காலைத் தொட்டுப் பார்த்தால்தான் சிவப்பு என்று தெரியும். நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினால்தான் தெரியும். இரண்டு நொடிக்கு மேல் போனால் விடக்கூடாது.

தீபாவளிச் சமயம் இன்னும் கடினம். பட்டாசுக் காயமும், புகையில் மூச்சிரைப்பு வந்தவர்களும் அதே வாசலுக்குத்தான் வருவார்கள். 2017ல் தீபாவளி அக்டோபர் 18. டெங்கு உச்சத்தில் இருந்த அதே வாரம். விடுப்பு எடுத்து ஊருக்குப் போகிறவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வாரத்துக்கு மட்டும் முன்கூட்டியே வேறு மாவட்டத்தில் காய்ச்சல் குறைவாக உள்ள இடங்களிலிருந்து ஆள் கொண்டுவரத் திட்டம் போட முடியும். காலண்டரில் அச்சடித்து வருகிற நாள்தானே.

கரிசல்காடு · புதன், இரவு 7.30

மூணு நாளா எல்லாத்தையும் படிச்சுட்டேன். எனக்குப் புரிஞ்சதை வச்சு ஒரு காரியம் பண்ணினேன். என் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியரைப் பார்த்து, டாக்டர் எழுதின அந்த அறிகுறிகளைக் கையால எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். மேல பெரிசா ஒரே வரி: “காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.” கீழ ஒரு கட்டம் போட்டு, காய்ச்சல் ஆரம்பிச்ச தேதி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாள், ஒவ்வொரு நாளும் எத்தனை தரம் சிறுநீர் போச்சுன்னு குறிக்க இடம். அவர் எல்லாப் பிள்ளைங்க டயரியிலயும் ஒட்டச் சொல்லிட்டார். ஏதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க, நாளைக்கே மாத்திடுறேன்.

ஊர்ப்புற_மருத்துவர் · புதன், இரவு 8.15

ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். எனக்கு அதன் படம் ஒன்று அனுப்புங்கள். நாளை முதல் என் ஓ.பி. சீட்டில் காய்ச்சல் என்று எழுதுமிடத்தில் “எத்தனையாம் நாள்” என்று ரப்பர் ஸ்டாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் ஆனவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு, வரிசையில் நிற்காமல் நேரே லேபுக்கு வரலாம். ரிசல்ட் பார்த்து நானே அனுப்புவதா, வீட்டுக்கு விடுவதா என்று சொல்கிறேன். அனுப்பினால் சீட்டில் முதல் நாள் பி.சி.வி., இன்றைய பி.சி.வி. இரண்டும் சிவப்பு மையில் இருக்கும். வார்டு_அக்கா, உங்கள் பக்கம் வந்தால் அந்தச் சிவப்பைத் தேடுங்கள்.

வார்டு_அக்கா · வியாழன், அதிகாலை 4.35

டியூட்டி ரூமிலிருந்து எழுதுகிறேன், ஐந்து நிமிஷம் கிடைத்தது.

முந்தாநாள் வடமராட்சி எழுதியதை எங்கள் சீஃபிடம் காட்டினேன். பழைய ட்ரெஸ்ஸிங் ரூமைக் காலி செய்து ஆறு கட்டில் போட்டுக்கொடுத்தார். ஆள் தனியாகக் கிடைக்கவில்லை, நாங்களே மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி இருக்கிறோம், ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் இரண்டு பேர் துணைக்கு. நாலாம் நாள், அஞ்சாம் நாள் எல்லோரும் இங்கே. மணிக்கொரு தரம் அட்டையில் எழுதுகிறோம். பெரிய வார்டில் இருப்பவர்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும் என்று ஆகியிருப்பதால் எனக்கே கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

இரண்டு மணிக்கு மூன்றாம் கட்டில் பையனுக்கு பி.பி. 100, 80 என்று நெருங்கி வந்தது. பேசிக்கொண்டுதான் இருந்தான், தண்ணி கேட்டான். காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. டாக்டர் அளவு போட்டு ஃப்ளூயிட் ஓட்டினார். இப்போது கால் கதகதப்பாக இருக்கிறது, சற்று முன் 150 மில்லி சிறுநீர் போயிருக்கிறான். அவன் அம்மா பாயில் உட்கார்ந்து அந்த 150ஐ ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐந்து மணி பார்க்கப் போகிறேன்.